லேப் அக்கா திரும்ப மாட்டார்

லேப் அக்கா என் கடையில் குடையை மறந்துவிட்டுப் போன நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்ததும் மனசு ஒரு மாதிரி ஆகிவிடுகிறது.

செங்கம் ரோட்டில், ஆசிரமம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் என் சைக்கிள் கடை. பின்னாலேயே வீடு. வாடகைக்கு வண்டி விடுகிறேன், பழுது பார்க்கிறேன், ஊருக்குக் கிளம்புகிற வெள்ளைக்காரர்கள் விட்டுப்போகும் வண்டிகளை வாங்கிச் சரிபண்ணி விற்கிறேன். எனக்குச் சர்க்கரை உண்டு. வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க, டவுனில் இருக்கும் ஒரு பரிசோதனைக் கூடத்திலிருந்து வீட்டுக்கே வருவார் அக்கா. லேப்பிலிருந்து வருவதால் லேப் அக்கா. பேர் என்னவென்று நான் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. ஐம்பதைத் தாண்டிய வயசு, ஒல்லி உடம்பு, கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டிய காட்டன் புடவை, தோளில் ஊசியும் குப்பியும் வைத்த பை.

அன்றைக்குக் காலையிலேயே வெயில் ஏறிவிட்டது. ரத்தம் எடுத்துக்கொண்டு கிளம்பியவர் இரண்டு கடை தள்ளிப் போயிருப்பார். குடை பெஞ்சிலேயே கிடந்தது. "அக்கா, குடை!" என்று கத்தினேன். நின்றார். ஆனால் திரும்பவில்லை. கேட்டது என்பதுபோலக் கையை மட்டும் தூக்கி ஆட்டிவிட்டு மறுபடி நடந்தார். சரி, வேண்டாம் போலிருக்கிறது என்று நான் ஒரு செயினுக்கு எண்ணெய் விட உட்கார்ந்துவிட்டேன். ரொம்ப நேரம் கழித்து, ஆசிரமம் இருக்கிற பக்கத்திலிருந்து, முதுகெல்லாம் வியர்வையில் நனைந்து அக்கா வந்து நின்றார். அடுத்த சந்தில் நுழைந்து, லாட்ஜுகளுக்குப் பின்னால் இருக்கும் மண் பாதையில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, திரும்பாமலே என் கடைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்.

"ஏங்க்கா, பத்தடி திரும்பி வந்திருந்தா கையிலயே குடுத்திருப்பேனே?"

"திரும்பினா ஆகாது தம்பி," என்றார். உனக்குச் சர்க்கரை ஜாஸ்தி என்று சொல்கிற அதே குரல். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

என் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "அந்தம்மாதான் திரும்பாது. உங்க கால்ல என்ன ஆணியா அடிச்சிருக்கு? எடுத்துக்கினு ஓடியிருக்கலாம்ல?" என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு கவனிக்க ஆரம்பித்தேன். எங்கள் ஊரில் மலையைச் சுற்றுவதற்கு ஒரே திசைதான். மலை வலது கைப்பக்கம் இருக்க வேண்டும். கிரிவலத்தில் யாராவது எதிரே வந்தால் முன்பின் தெரியாதவர்கள்கூட நிறுத்தித் திருப்பி விடுவார்கள். ஆனால் அது மலைக்கு. அக்கா எல்லாவற்றுக்கும் அப்படித்தான். காய்கறிக் கடையில் தக்காளியைத் தாண்டி வந்துவிட்டால் அந்த நாள் தக்காளி கிடையாது. பஸ் நிறுத்தம் தாண்டி இறங்கிவிட்டால் பின்னால் நடக்க மாட்டார். அடுத்த தெருவில் புகுந்து வளைந்துதான் வருவார். ஒருமுறை ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தவர், டிரைவர் ரிவர்ஸ் எடுத்ததும் குதிக்காத குறையாக இறங்கிவிட்டாராம். அதிலிருந்து எங்கள் ஸ்டாண்டில் அக்கா கை காட்டினால், ரிவர்ஸ் எடுக்காமல் நேராகக் கிளம்ப முன்னால் இடம் இருக்கிற ஆட்டோதான் வரும். கிண்டலாகத்தான் தொடங்கினார்கள். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

இன்னொரு வினோதமும் அவரிடம் உண்டு. முகத்தைப் பார்க்க மாட்டார். வருவார், "கைய நீட்டுங்க" என்பார், ரப்பர் பட்டையைக் கட்டுவார், முழங்கை மடிப்பையே பார்ப்பார். என் நரம்பை அவருக்கு நன்றாகத் தெரியும். "உன்னுது நழுவுற நரம்பு தம்பி, ஏமாந்தா ஓடிப்போயிடும்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். ஆனால் கடைத்தெருவில் நேருக்கு நேர் வந்து நின்றால் என்னைத் தெரியாது. நான் கையை மடித்துக் காட்டிய பிறகுதான் "அடடே, சைக்கிள் கடை" என்பார். இதைச் சொல்லிச் சொல்லி என் மனைவியும் நானும் சிரித்திருக்கிறோம்.

காரணம் தெரிந்த நாளிலிருந்து அவரைக் கிண்டல் பண்ணிச் சிரிப்பதை விட்டுவிட்டோம்.

அவரும் அவர் வீட்டுக்காரரும் பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போவார்கள். அந்தக் கூட்டத்தில் பிரிந்துபோவது சகஜம். அதற்கு வீட்டுக்காரர் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். யாரும் யாரையும் தேடித் திரும்பக் கூடாது. கூட்டத்தோடு நடந்துகொண்டே இருக்க வேண்டும். ராஜகோபுரத்துக்கு முன்னால் சந்தித்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஊரில் பாதிக் குடும்பங்களில் இதே ஏற்பாடுதான், என் வீட்டிலும்தான். ஒரு பௌர்ணமியில், சுற்றின் கடைசிப் பகுதியில் வரும் குபேர லிங்கம் பக்கத்தில், நெரிசலில், அவர்கள் பிரிந்துவிட்டார்கள். அக்கா நடந்தார். ராஜகோபுரத்துக்கு வந்து நின்றார். நின்றார், நின்றார், விடிந்து பூக்கடைகள் திறக்கிற வரைக்கும் நின்றார். வீட்டுக்காரர் வரவில்லை. அவருடைய போன் அக்காவின் பையில் இருந்தது.

போலீசில் சொன்னார்கள், ஆஸ்பத்திரிகளில் பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. ஊர் சும்மா இருக்குமா? சாமியாராகப் போய்விட்டார் என்றார்கள். இந்த ஊரில் ஆம்பளை ஒருவன் காணாமல் போனால் முதலில் அதைத்தான் சொல்வார்கள். காவி கட்டியவர்கள் நடுவில் யாரை யார் என்று தேடுவது? இன்னும் சிலர் வேறு குடும்பம் இருந்திருக்கும் என்றார்கள். ஓசூரில் இருக்கிற மகள் வந்து கூப்பிட்டாள். அக்கா போகவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் பௌர்ணமியும் மலையைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். முன்னால் போனவரைப் பிடிக்க வேண்டும் அல்லவா, அதனால் எதற்கும் பின்னால் திரும்புவதில்லை.

அக்கா ஒரு வண்டியை என் கடைக்குத் தள்ளிக்கொண்டு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நீல நிறத்தில் ஒரு பழைய மலை சைக்கிள். ஒட்டடை பிடித்து, டயர் வெடித்து, முன்சக்கரத்தைத் தாங்கும் ஷாக் ஃபோர்க் துருவேறி இறுகிப்போயிருந்தது. அமுக்கினால் இறங்கவே இல்லை.

"வீட்டுக்காரர் வண்டி. டாக்டர் சொன்னாருன்னு வாங்கினார். கொஞ்ச நாள் ஓட்டினார், அப்புறம் அது மேல துணி காயப் போட்டோம்," என்றார். "எனக்கு முட்டி போயிடுச்சு தம்பி. நடக்க முடியல. இதச் சரிபண்ணிக் குடு."

"இது வேணாங்க்கா. கூடை வச்ச லேடீஸ் சைக்கிள் ஒண்ணு வச்சிருக்கேன், எடுத்துக்கினு போங்க."

அவர் காதில் வாங்கவில்லை. அப்போது கடையில் இன்னொரு வண்டி ஸ்டாண்டில் ஏற்றியிருந்தது. பக்கத்து லாட்ஜில் தங்கியிருந்த வெள்ளைக்காரப் பெண்ணுடையது. ரேஸ் வண்டி மாதிரி கீழே வளைந்த ஹேண்டில் பார், ஆனால் ரேஸ் வண்டிக்கு இல்லாத தடித்த டயர். அக்கா அதைச் சுற்றி வந்து பார்த்தார். அங்கேயும் வலம்தான்.

"இது என்ன வண்டி?"

"கிராவல் பைக்னு சொல்றாங்க."

"கிராவல்னா? லாரில கொண்டாந்து கொட்டுவாங்களே, ரோடு போட, அந்த மண்ணா?"

"அதேதான். தார் ரோட்டுல வேகமாப் போகும், மண்ணுலயும் போகும். ரெண்டுக்கும் நடுவுல."

அக்கா அதன் டயரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என் முழங்கையைப் பார்த்துச் சொன்னார்: "எனக்கு அதுதான் வேணும். ரோட்டுலயும் போகணும். ஏரிக்கரை, ஆசிரமத்துக் கொட்டகை, சாமியாருங்க படுத்திருக்கிற தோப்பு, எல்லாம் மண் பாதை தம்பி. அதுலயும் போகணும். இத அது மாதிரி ஆக்கிடு."

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மலை சைக்கிளின் குறுக்குக் குழாய் நீளம். நேர் ஹேண்டிலுக்காக அப்படிச் செய்திருப்பார்கள். அதில் வளைந்த ஹேண்டிலை மாட்டினால் பிடி இன்னும் முன்னால் போய்விடும். ஓட்டுகிறவர் படுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். அதுவும் அவர் வீட்டுக்காரர் நெட்டையான ஆள். ஃபிரேமும் அதற்குத் தக்க பெரிசு. அக்காவோ என் தோளுக்குக் கீழே. எல்லாம் எடுத்துச் சொன்னேன்.

"வேற ஃபிரேம்ல பண்ணித் தரேங்க்கா. உங்க அளவுக்கு."

"வேற வண்டில நான் போனா அவருக்கு எப்பிடித் தெரியும்?" என்றார்.

 வேலையை எடுத்துக்கொண்டேன்.

வேலை என்றால் சாதாரண வேலை இல்லை. எனக்கு அந்த மாதிரிச் சவால் பிடிக்கும், ஆனால் கோபமும் வரும். இறுகிப்போன ஷாக் ஃபோர்க்கைக் கழற்றி எறிந்துவிட்டு, அதே உயரத்தில் இரும்பில் நேர் ஃபோர்க் தேடிச் சென்னை வரைக்கும் போன் போட்டேன். ஹேண்டிலைப் பிடிக்கிற ஸ்டெம்மை, இருப்பதிலேயே குட்டையானதாக மாட்டி ஹேண்டிலை அவர் கிட்டே இழுத்தேன். வளைந்த ஹேண்டிலின் பிரேக் லீவர் கேபிளைக் கம்மியாகத்தான் இழுக்கும். பழைய பிரேக்குக்கு அது பத்தவில்லை, பிடித்தால் வண்டி நிற்காமல் யோசித்துக்கொண்டே போனது. கை குட்டையான பிரேக் வாங்கி மாற்றினேன். முன்னால் மூன்று பல்சக்கரம் இருந்த இடத்தில் சின்னதாக ஒன்று. முட்டிக்குத் தோதாகப் பின்னால் பெரிய பல்சக்கரம். கரடுமுரடான டயரை எடுத்துவிட்டு, பொடி வரி போட்ட டயர்.

சாயங்காலம் லேப் முடிந்ததும் அக்கா வந்து பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார். ஒவ்வொரு சாமானாகக் கழன்று மூலையில் சேரச் சேர அவருக்கு முகம் வாடியது.

"இவ்ளோ மாத்திட்டியே தம்பி. அவரு வண்டின்னு எதுல தெரியும்?"

"ஃபிரேம் அப்படியே இருக்குதே அக்கா."

"பெயிண்ட் மட்டும் அடிச்சிடாத. இந்தக் கீறல் அவரு கேட்ல இடிச்சது." நடுக்குழாயில் நீளமாக ஒரு கீறல். அதைத் துணியால் துடைத்தார். "அந்த பெல்லும் வேணும்."

பெல் பழைய காலத்துக் குண்டு பெல். பழைய நேர் ஹேண்டிலின் மெல்லிய குழாயில் இருந்தது. வளைந்த ஹேண்டிலின் நடுப்பகுதி தடிமன்; பெல்லின் வளையம் அங்கே ஏறவில்லை. நான் சின்னதாக ஒரு புது பெல் எடுத்து வைத்தேன். அக்கா அதைக் கையால்கூடத் தொடவில்லை. கடைசியில் ஒரு தகட்டை வளைத்து, ஸ்டெம்முக்குக் கீழே கழுத்துப் பக்கமாகப் பழைய பெல்லையே உட்கார வைத்தேன். அடித்துப் பார்த்தார். ஒருமுறைதான். சந்தோஷப்பட்ட மாதிரியும் இருந்தது, அழப்போகிற மாதிரியும் இருந்தது.

"வாசல்ல வந்து நிக்கும்போது இதத்தான் அடிப்பார். இதக் கேட்டா எங்க இருந்தாலும் நின்னுடுவார்," என்றார்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நானும் மறைக்கத் தெரியாதவன், பட்டென்று சொல்லிவிட்டேன். "அக்கா, ஒண்ணு சொல்றேன் கோச்சிக்காதீங்க. பின்னாலயே போனா எல்லாரோட முதுகுதான் தெரியும். எதிர்ப்பக்கமா ஒரு சுத்து வாங்க. வர்ற ஆளுங்க அத்தன பேர் முகமும் தெரிஞ்சிடும்."

அவர் முகத்தில் நான் தப்பான நரம்பில் குத்திய மாதிரி ஒரு சுளிப்பு. "எதிரச் சுத்துறதா? என்ன தம்பி பேசுற?" பிறகு, குரலை இறக்கி: "முகத்தப் பாத்தா அவரு இல்லன்னு தெரிஞ்சிடும். முதுகப் பாக்கும்போது எல்லாரும் அவரு மாதிரிதான் இருக்காங்க. பக்கத்துல போற வரைக்கும் அவருதான்."

நான் ஸ்பேனரை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவரே தொடர்ந்தார்.

"கெடைக்காட்டியும் பரவால்ல தம்பி. விட்டுட்டுப் போனாரா, தொலைஞ்சு போனாரா? அது ஒண்ணு தெரிஞ்சா போதும் எனக்கு. சாமியாராப் போகணும்னு நெனச்சிருந்தா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம். நானா தடுத்திருப்பேன்?"

வண்டி தயாரானது. புது ஃபோர்க்குக்கும் அதே நீலம் அடித்துக் கொடுத்தேன், அக்காவுக்குத் திருப்தி. புடவையை விட்டுச் சுடிதாருக்கு மாறினார். முதல் நாள் ஆசிரமத்து வேலி வரைக்கும் தள்ளாடிப் போனார். ரோட்டில் போகிறவர்கள் சிரித்தார்கள். ஐம்பது தாண்டிய அம்மா ரேஸ் ஹேண்டிலைப் பிடித்துக் குனிந்து போனால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? சில நாளில் சிரிப்பு ஓய்ந்தது. காலையில் லேப்புக்கு முன்னால் ஒரு சுற்று. என் கடையைத் தாண்டும்போது ஒரு மணி அடிப்பார். கை ஆட்டுவேன். ஆசிரமத்திலிருந்து வருவார், செங்கம் பக்கம் போவார். அவர் திரும்பி வந்து நான் பார்த்ததே இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் போய் மறைந்து, மறுநாள் காலையில் மறுபடி ஆசிரமத்துப் பக்கமிருந்து வருவார். தார் ரோட்டிலிருந்து மண் பாதைகளில் இறங்கி ஏறியதற்குச் சாட்சியாக டயரில் செம்மண் இருக்கும். காவி கட்டிய யாருக்குப் பின்னாலும் முதலில் வேகத்தைக் குறைப்பார். ஆளைத் தாண்டுவதற்கு முன்னால் கொஞ்ச தூரம் அப்படியே பின்னாலேயே போவார். ஒருமுறை நானே பார்த்தேன். 

ஒருநாள் போன் வந்தது. "தம்பி, வண்டி நின்னுடுச்சு. அடி அண்ணாமலைல இருக்கேன்."

மொபெட்டில் போனேன். கிரிவலப் பாதையில் குபேர லிங்கத்துக்கு முன்னாலேயே வருகிற ஊர் அது. ரோட்டோரம் வெள்ளரிப்பிஞ்சும் மோரும் விற்கிற ஒரு அம்மாவின் கடை நிழலில் அக்கா உட்கார்ந்திருந்தார். முள்ளுக்குச்சி ஒன்று சிக்கி, பின்பக்கம் கியர் மாற்றுகிற கை வளைந்து சக்கரத்துப் போக்ஸ் கம்பிக்குள் போயிருந்தது. உட்கார்ந்து கழற்ற ஆரம்பித்தேன். கடைக்கார அம்மா அக்காவுக்கு வெள்ளரிப்பிஞ்சைக் கீறி மிளகாய்த்தூள் போட்டுக் கொடுத்தார்.

அந்த நேரம் பார்த்து வெளியூர்க்காரர்கள் போல இரண்டு பேர், மலையை இடது பக்கம் வைத்துக்கொண்டு எதிரே நடந்து வந்தார்கள். கடைக்கார அம்மா எழுந்தே விட்டார்.

"இந்தாம்மா! அப்டி எதிர வரக் கூடாது. திரும்பு, திரும்பு!" அவர்கள் புரியாமல் சிரித்துவிட்டுப் போனார்கள். அம்மா எங்களிடம் திரும்பினார். "தெரியாதவங்கோ பண்ணா இன்னா பண்றது. தெரிஞ்ச ஆளே பண்ணாரு ஒருத்தரு, பௌர்ணமி அன்னிக்கி. எம்மாங் கூட்டம்! அத்தினி பேரையும் தள்ளிக்கினு குபேர லிங்கத்துலேர்ந்து எதிர வர்றாரு. அல்லாரும் திட்றாங்கோ, எதிர வராதய்யா, எதிர வராதய்யான்னு. காதுலயே வாங்கல."

நான் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருந்தேன். அக்கா கடித்த வெள்ளரிப்பிஞ்சு அப்படியே கையில் நின்றது.

"எப்போ?" என்றார் அக்கா.

"ஆச்சி பல வருசம். இந்தக் கடைக்கு கூர போட்ட புதுசு. நெட்டையா இருந்தாரு. எங்கிட்ட வந்து கேட்டாரு, பச்சைப் பொடவ கட்னு ஒரு அம்மா பின்னால நின்னுட்டாளா, பாத்தியான்னு. மேல் மூச்சு கீழ் மூச்சு வாங்குது. போன் போடுய்யான்னேன். ஏம் போனும் அவகிட்டதாம்மா இருக்குதுன்னாரு. அப்பறம் பேரச் சொல்லிக் கூப்ட்டுக்கினே போயிட்டாரு." கடைக்கார அம்மா அந்தப் பேரையும் சொன்னார், அவர் எப்படிக் கூப்பிட்டார் என்று இழுத்துக் கூப்பிட்டே காட்டினார்.

அக்காவின் பேர் அது என்று எனக்கு அந்த நிமிஷம்தான் தெரியும். அதை இங்கே நான் எழுதப்போவதில்லை.

"எந்தப் பக்கம் போனாரு?" என்றார் அக்கா. கடைக்கார அம்மா செங்கம் ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினார். நாங்கள் வந்த பக்கம். "அப்பறம் கூட்டத்துல எங்க தெரியுது. பொண்டாட்டி கெடச்சிருப்பா, பாவம்."

 அக்கா இத்தனை வருஷமும் குபேர லிங்கத்திலிருந்து ராஜகோபுரம் வரைக்கும் ஒரு கடை விடாமல் விசாரித்தவர். இந்தப் பக்கம் ஒரு ஆளைக் கேட்டதில்லை. வீட்டுக்காரர் திரும்ப மாட்டார் என்றுதான் அக்கா நினைத்தார். ஏற்பாட்டைச் செய்தவரே அவர்தானே.

"திரும்பாதன்னு சொன்னாரு," என்றார் அக்கா. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. "நான் திரும்பல. அவரு எனக்காகத் திரும்பியிருக்காரு."

நான் வண்டியை நிமிர்த்திக் கொடுத்தேன்.  விட்டுட்டுப் போகலையே அக்கா, தேடித்தானே போயிருக்கார் என்று சொல்ல நினைத்தேன். அதைச் சொன்னால் இன்னும் மோசமாகிவிடும் என்று பட்டது. 

அவர் ஹேண்டிலைப் பிடித்தார். பழக்கத்தில் குபேர லிங்கத்துப் பக்கமாகத்தான் சக்கரம் நின்றது. "இத்தனை வருஷமா நான் அவர விட்டுத் தூரமாப் போயிட்டே இருந்திருக்கேன் தம்பி," என்றார். பிறகு வண்டியை முழுசாகத் திருப்பினார். மலை அவருக்கு இடது பக்கம் வந்தது. கடைக்கார அம்மா, "எம்மா, அந்தப் பக்கம் இல்லம்மா" என்று பதறினார். அக்கா ஏறிப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அவர் என் கடைக்கு எதிர்த்திசையிலிருந்து வர ஆரம்பித்தார். செங்கம் பக்கமிருந்து வருவார், ஆசிரமத்துப் பக்கம் போவார். மணி அடிப்பதில்லை, நான் கை ஆட்டினாலும் பார்ப்பதில்லை. ரோட்டில் வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டே போவார். கிரிவலப் பாதை செங்கம் ரோட்டை விட்டுப் பிரிகிற முனையில் நின்று, டவுனுக்குப் போயிருப்பாரா, செங்கத்துக்குப் போயிருப்பாரா என்று கடைகடையாகக் கேட்டாராம். யாருக்கு நினைவிருக்கும்? லேப்புக்குச் சரியாகப் போவதில்லை என்றார்கள். என் ரத்தம் எடுக்க வேறு ஒரு பெண் வந்தது. அது என் நரம்பைப் பிடிப்பதற்குள் கையைப் புண்ணாக்கிவிட்டது.

"எதிரச் சுத்துறது எதுக்குன்னு தெரியும்ல?" என்றாள் என் மனைவி ஒருநாள். தெரியும். எங்கள் பக்கம் இறந்தவரைத்தான் அப்படிச் சுற்றுவார்கள். "சும்மா இரு," என்றேன்.

கடைசியாக நான் அக்காவைப் பார்த்தது ஒரு பௌர்ணமி. பொழுது சாய்கிற நேரம், நிலா அப்போதுதான் எழும்பியிருந்தது. நானும் என் மனைவியும் நடந்துகொண்டிருந்தோம். கிளம்பும்போதே அவளிடம் சொல்லிவிட்டேன், பிரிஞ்சிட்டா நின்ன இடத்துலயே நில்லு, நான் வர்றேன் என்று. அடி அண்ணாமலையைத் தாண்டியதும் முன்னால் கூச்சல் கேட்டது. "எதிர வராதம்மா! யாரு அது, வண்டியத் தள்ளிக்கினு? எதிர வராத!" அதற்கு நடுவே அந்தக் குண்டு பெல். நிறுத்தி நிறுத்தி அடித்தது.

கூட்டம் விலகியது. நீல ஃபிரேம், நான் வளைத்து மாட்டிய தகடு, வளைந்த ஹேண்டில். அதைத் தள்ளிக்கொண்டு அக்கா வந்தார். சுடிதார் இல்லை. பச்சைப் புடவை கட்டியிருந்தார். என் மனைவி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா," என்றேன்.

நின்றார். என்றைக்கும் என் முழங்கையையே பார்த்தவர், அன்றைக்கு என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். நான் வழக்கம்போலக் கையை மடித்துக் காட்டினேன். அவர் அதைக் கவனிக்கவில்லை. என் முகத்தைத்தான் நன்றாகப் பார்த்தார். அது அவர் தேடுகிற முகம் இல்லை என்று தெரிந்ததும், எனக்குப் பின்னால் வந்தவர் முகத்தைப் பார்க்கப் போய்விட்டார்.